உறுமுகிற, ஆடுகிற பழைய பெஞ்ச் கிரைண்டரை எங்கிருந்து சரிபண்ண ஆரம்பிப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அப்பாவின் லேத் பட்டறையில் இருந்த 8 இன்ச் பெஞ்ச் கிரைண்டர். சிங்கிள் ஃபேஸ், முக்கால் எச்.பி., நேம் பிளேட்டில் 2800 ஆர்.பி.எம். பல வருஷம் கொட்டகையில் கிடந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. கல்லைக் கையால் தள்ளிவிட்டால் ஓடத் தொடங்குகிறது, ஆனால் வேகம் பிடித்ததும் மேஜையே அதிர்கிறது. பாடியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக். சரிபண்ணலாமா, இரும்புக்கடைக்குப் போட்டுவிடலாமா, இருக்கிற கல்லையே ஓட்டலாமா, புதுக்கல் என்றால் எது என்பவை உங்கள் கேள்விகள்.

மெஷினைக் காப்பாற்றுங்கள், கல்லைத் தூக்கிப் போடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 'மோட்டார் போச்சு' என்று வார்ப்பிரும்பு பாடியை எடைக்குப் போட்டுவிட்டு, 'கல் இன்னும் நிறைய இருக்கே' என்று அதை மட்டும் கழற்றி வேறு மெஷினில் மாட்டுவார்கள். அந்தக் காலத்து பாடியில் இருக்கிற கனம், லேத்தில் கடைந்த ஃபிளேஞ்ச் (கல்லை இரண்டு பக்கமும் பிடிக்கிற வட்டத் தகடு), தாராளமான காப்பர் வைண்டிங், இவையெல்லாம் இன்று மலிவு விலைக்கு வருகிற மெஷின்களில் கிடைப்பதில்லை. கண்டன்சர், பேரிங், வயர் மூன்றும் தேய்மானச் சாமான்கள்தான், எந்த ஊரிலும் கிடைக்கும். கல் அப்படியல்ல. கொட்டகையில் அது எத்தனை தடவை கீழே விழுந்தது, எந்த ஈரத்தில் நின்றது என்பது யாருக்கும் தெரியாது. 8 இன்ச் கல் 2800 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் உடைகிற துண்டு உங்கள் முகத்துக்கு நேரே வரும். அதனால் கல்லில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கல்லைக் கையால் தள்ளிவிட்டு ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். விரலுக்கு ஆபத்து என்பது ஒன்று. சுற்றாமல் உறுமுகிற ஒவ்வொரு நொடியும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுத்து வைண்டிங்கைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்பது இன்னொன்று. இதுவரை தப்பித்த வைண்டிங் இப்படித்தான் கருகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீதியைப் படியுங்கள்.

உறுமல், ஆட்டம், ஷாக் மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். ஒன்றுக்குப் பார்க்கிற வைத்தியம் இன்னொன்றைத் தீர்க்காது. பேரிங் மாற்றினால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்று நினைத்துச் செலவு செய்பவர்களை நிறையப் பார்க்கலாம். எதைத் தொடுவதற்கு முன்னாலும் இரண்டு பக்கக் கல்லையும் கழற்றிவிடுங்கள். கல் இல்லாத மெஷின்தான் தன் கோளாறை ஒழுங்காகச் சொல்லும், சோதிக்கிறவருக்கும் பாதுகாப்பு.

கழற்றும்போது மரையைக் கவனியுங்கள். நீங்கள் வேலை செய்கிற பக்கம் நின்று பார்த்தால் வலது பக்க நட்டு சாதாரண மரை, இடது பக்க நட்டு இடது மரை. இரண்டையும் ஒரே மாதிரி திருகி மரையைக் கெடுத்த ஷாஃப்டுகள் லேத் பட்டறைகளுக்கு அடிக்கடி வரும். குழப்பமில்லாமல் செய்ய ஒரு வழி இருக்கிறது. ஸ்பேனரை நட்டில் நிமிர்த்தி மாட்டி உங்கள் பக்கமாக இழுத்தால், எந்தப் பக்க நட்டாக இருந்தாலும் கழலும். எதிர்ப்பக்கம் தள்ளினால் இறுகும். கல்லின் மேல்பக்கம் வேலை செய்பவரை நோக்கி வருகிற மாதிரி மெஷின் சுற்றுவதால்தான் இப்படி மரை வைத்திருக்கிறார்கள். மோட்டார் கிளம்பும்போது நட்டு தானாக இறுகும். துருப்பிடித்து வரவில்லை என்றால் துரு இளக்கும் ஆயிலை விட்டு ஓரிரவு ஊறவிடுங்கள். கல்லுக்கும் ரெஸ்டுக்கும் (வேலைச் சாமானை ஊன்றிப் பிடிக்கிற தாங்கி) நடுவே மரக்கட்டையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம், கல் எப்படியும் போகப்போகிறது. ஷாஃப்ட் நுனியில் மட்டும் சுத்தியலால் அடிக்காதீர்கள். மரையும் கெடும், உள்ளே பேரிங்கும் அடி வாங்கும்.

அடுத்தது ஷாக். இதை விட்டுவிட்டு வேறு எதையும் பார்க்கக்கூடாது. பழைய மெஷின்களில் பெரும்பாலும் இரண்டு கோர் வயர்தான் இருக்கும், எர்த் இருக்காது. இருந்தாலும் ரப்பர் காய்ந்து, வளைத்தால் பொடிந்து விழும். வயர் பாடிக்குள் நுழைகிற ஓட்டையில் புஷ் கழன்றுபோய், இரும்பு விளிம்பில் வயர் உரசியிருக்கும். டார்ச் அடித்து முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். பாதி ஷாக் கேஸ்கள் அங்கேயே முடிந்துவிடும். வயரை முழுசாக மாற்றுங்கள், டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர், காப்பர் ஃபிளெக்சிபிள் போதும். எர்த் வயரில் வளைய லக் அடித்து, பாடியில் அந்த இடத்துப் பெயின்டை வெள்ளை இரும்பு தெரிகிறவரை சுரண்டிவிட்டு போல்ட்டால் இறுக்குங்கள். பெயின்ட் மேலே இறுக்கின எர்த் எர்த்தே அல்ல.

வயர் நன்றாக இருந்தும் ஷாக் என்றால் வைண்டிங்கில் ஈரம் இறங்கியிருக்கிறது, அல்லது இன்சுலேஷன் போயிருக்கிறது. சாதாரண மல்டிமீட்டர் இதற்குப் போதாது. பக்கத்து ரீவைண்டிங் கடையில் இன்சுலேஷனை அளக்கிற 500 வோல்ட் மெக்கர் வைத்திருப்பார்கள். பாடிக்கும் வைண்டிங் முனைக்கும் நடுவே குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். நல்ல நிலையில் இருக்கிற மோட்டார் அதைவிடப் பல மடங்கு காட்டும். குறைவாகக் காட்டினால் உடனே ரீவைண்டிங் என்று முடிவு கட்டாதீர்கள். கொட்டகையில் கிடந்த மோட்டாருக்கு ஈரம்தான் முதல் சந்தேகம். சுற்றுகிற பாகமான ரோட்டாரை வெளியே எடுத்துவிட்டு, வைண்டிங் இருக்கிற ஸ்டேட்டாருக்குள் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வைண்டிங்கில் படாமல் தொங்கவிட்டு, மேலே அட்டையால் மூடி, ஒரு பகல் ஓரிரவு எரியவிடுங்கள். மறுபடி மெக்கர் போட்டுப் பாருங்கள். அளவு ஏறியிருந்தால் வைண்டிங் பிழைத்தது. ஒரு கோட் வார்னிஷ் கொடுத்துக் காயவைத்தால் இன்னும் பல வருஷம் ஓடும். அசையாமல் அப்படியே நின்றால்தான் ரீவைண்டிங்.

இப்போது உறுமலுக்கு வருவோம். கையால் தள்ளினால் ஓடுகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே பாதி விடையைச் சொல்லிவிட்டது. மெயின் வைண்டிங் உயிரோடு இருக்கிறது. சிங்கிள் ஃபேஸில் மெயின் வைண்டிங் மட்டும் இருந்தால் மோட்டாருக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்றே தெரியாது. முதல் தள்ளைக் கொடுப்பது ஸ்டார்ட்டிங் வைண்டிங்கும் அதோடு ஒரே பாதையில், சீரீஸாக, இணைந்திருக்கிற கண்டன்சரும்தான். கோளாறு அந்தப் பாதையில் எங்கேயோ இருக்கிறது. கண்டன்சர் செத்திருக்கலாம், சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் ஒட்டாமல் இருக்கலாம், ஸ்டார்ட்டிங் வைண்டிங் அறுந்திருக்கலாம். கல் இல்லாமல் ஷாஃப்டைக் கையால் சுற்றும்போது கடினமாக இருந்தால் மட்டும் முதலில் பேரிங்கைப் பாருங்கள். கிரீஸ் கட்டியாகி இறுகின பேரிங்கும் இதே உறுமலைத் தரும்.

கண்டன்சரைத் தொடுவதற்கு முன் டிஸ்சார்ஜ் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். இரண்டு முனையையும் ஸ்குரூடிரைவரால் இணைத்துத் தீப்பொறி வரவைப்பது நம் ஊர்ப் பழக்கம், வேண்டாம். ஒரு டெஸ்ட் லேம்பின் இரண்டு வயரையும் முனைகளில் சில நொடி வைத்தால் போதும். பிறகு மைக்ரோஃபாரட் அளக்கிற மல்டிமீட்டரில் பாருங்கள். ரன்னிங் கண்டன்சரில் எழுதியிருக்கும் அளவுக்கு மிகவும் கீழே காட்டினாலோ, உப்பியிருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்றுங்கள்.

மாற்றும்போது இரண்டு விஷயம். மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் லைனிலேயே இருக்கிற ரன்னிங் கண்டன்சர் வேறு, கிளம்பும்போது மட்டும் வேலை செய்துவிட்டு விலகிக்கொள்கிற ஸ்டார்ட்டிங் கண்டன்சர் வேறு. முன்னது குறைந்த மைக்ரோஃபாரட், பெரும்பாலும் 440 வோல்ட் என்று எழுதியிருக்கும். பின்னது அதைவிடப் பல மடங்கு மைக்ரோஃபாரட். ரன்னிங் இடத்தில் ஸ்டார்ட்டிங் கண்டன்சரை மாட்டினால் சீக்கிரமே வெடிக்கும். இன்னொன்று, பெரிய கண்டன்சர் போட்டால் பவர் கூடும் என்று சிலர் சொல்வார்கள். கூடுவது ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் சூடுதான். மைக்ரோஃபாரட் பழையதில் எழுதியிருக்கிற அளவேதான் இருக்க வேண்டும். வோல்ட் மட்டும் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

கண்டன்சர் நல்லபடியாக இருந்தால் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சைச் சந்தேகப்படுங்கள். எல்லா மெஷினிலும் அது இருக்காது. இருக்கிறதா என்று திறக்காமலே கண்டுபிடிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரை நிறுத்தி, வேகம் குறையும்போது காது கொடுத்துக் கேளுங்கள். நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். சுவிட்ச் மறுபடி ஒட்டிக்கொள்கிற சத்தம் அது. முழு வேகத்தில் சுமார் முக்கால் பங்கு வந்ததும் சுவிட்ச் விலகி ஸ்டார்ட்டிங் வைண்டிங்கை வெட்டிவிட வேண்டும், நிற்கும்போது மறுபடி சேர வேண்டும். பட்டறைத் தூசியும் துருவும் ஏறினால் எடைகள் சிக்கி, ஒட்டாமலே நின்றுவிடும். உங்கள் மெஷினில் இதற்கு வாய்ப்பு அதிகம். விலகாமலே நின்றுவிடுவது இதைவிட மோசம். மோட்டார் கிளம்பும், ஆனால் உறுமலோடு ஓடிக் கொஞ்ச நேரத்தில் கைவைக்க முடியாதபடி சுடும், ஸ்டார்ட்டிங் வைண்டிங் கருகும். பாயின்டுகளை மெல்லிய எமரி பேப்பரால் தேய்த்துத் தூசியை ஊதிவிட்டு, எடைகள் அசைகிற இடத்தில் ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில் விடுங்கள். கிரீஸ் வேண்டாம், அது தூசியைக் கட்டிவைத்துக்கொள்ளும்.

வைண்டிங்கை அளக்க, உள்ளிருந்து வருகிற மூன்று முனைகளையும் தனியாக்கி இரண்டிரண்டாக ஓம் பாருங்கள். மூன்று அளவு வரும். பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்கும். அப்படி இருந்தால் இரண்டு வைண்டிங்கும் அறுபடவில்லை. நான்கு முனை வந்தால் ஜோடி ஜோடியாகப் பாருங்கள். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது 100 வாட் அல்லது 200 வாட் குண்டு பல்பு ஒன்றை லைனில் சீரீஸாகப் போடுங்கள். மோட்டார் அதில் சரியாக ஓடாது, ஆனால் உள்ளே ஷார்ட் இருந்தால் ஃபியூஸ் போகாமல், வைண்டிங் எரியாமல், பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ரீவைண்டிங் தேவைப்பட்டால் காப்பர் வயர்தான் போட வேண்டும், பழைய கேஜும் சுற்றும் மாறக்கூடாது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். திரும்ப வந்ததும் கல் மாட்டுவதற்கு முன் சுற்றுகிற திசையைப் பாருங்கள். ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் இரண்டு முனையும் மாறிப்போனால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அப்போது ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் இரண்டு பக்க நட்டும் கழலப் பார்க்கும். ரீவைண்டிங் கடையில் டெஸ்ட் பண்ணும்போது வெறும் ஷாஃப்ட்தான் சுற்றும், திசையை யாரும் கவனிக்க மாட்டார்கள். கவனிக்க வேண்டியது நீங்கள்தான்.

ஆட்டத்துக்கு வருவோம். இங்கேதான் பொறுமை வேண்டும். கல்லும் ஃபிளேஞ்சும் இல்லாமல் வெறும் ஷாஃப்டை ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் அப்போதும் இருந்தால் பேரிங், ஷாஃப்ட் இரண்டில் ஒன்று. அமைதியாக ஓடினால் குற்றவாளி கல் அல்லது ஃபிளேஞ்ச். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பேரிங் வாங்க ஓடாதீர்கள். அமைதியாக ஓடினால் ஒரு பக்க ஃபிளேஞ்சை மட்டும் மாட்டி ஓட்டுங்கள், பிறகு அந்தப் பக்கக் கல், பிறகு மறுபக்கம். எதை மாட்டினதும் ஆட்டம் வருகிறதோ அதுதான்.

பேரிங் என்று தெரிந்தால், எண்ட் கவரைத் திறப்பதற்கு முன் பஞ்ச்சால் குறி போடுங்கள். ஒரு பக்கம் கவரிலும் பாடியிலும் நேருக்கு நேர் ஒரு புள்ளி, மறுபக்கம் இரண்டு புள்ளி. திரும்ப மாட்டும்போது அதே நிலையில் உட்கார வேண்டும். கவர் வார்ப்பிரும்பு, சுத்தியல் பட்டால் விரியும். மரச்சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுங்கள். வயர் வருகிற பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கக் கவரோடு ரோட்டாரை இழுத்தால் வைண்டிங் உரசாது. கவரின் பேரிங் குழியில் அலைஅலையாக வளைந்த மெல்லிய ஸ்பிரிங் வாஷர் ஒன்று கிடக்கும். கிரீஸில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரியாது, துடைத்த துணியோடு குப்பைக்குப் போய்விடும். அது இல்லாமல் மாட்டினால் ரோட்டார் முன்னும் பின்னும் நடந்து சத்தம் போடும். பேரிங்கை மாற்றியும் சத்தம் போகவில்லை என்று சொல்கிற மெஷின்களில் முதலில் இந்த வாஷர் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பேரிங் நம்பர் பக்கவாட்டில் வெட்டியிருக்கும். இந்த சைஸ் கிரைண்டர்களில் 6203, 6204, 6205 மாதிரியானவை வரும். 6204 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். நம்பர் அழிந்திருந்தால் வெர்னியரில் அளந்து கடையில் சொன்னாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்ததாக, 2ஆர்எஸ் என்று கேட்டு வாங்குங்கள். ஓப்பன் பேரிங் விலை குறைவு, ஆனால் கிரைண்டரில் பறக்கிற கல் தூள் உள்ளே போனால் பேரிங்கை அதுவே அரைத்துவிடும். கழற்ற, பேரிங்கைப் பிடித்து இழுக்கிற புல்லர் வேண்டும். மாட்டும்போது ஷாஃப்டில் இறுக்கமாக உட்காருகிற உள் வளையத்தில் மட்டும்தான் அழுத்தம் விழ வேண்டும். உள் வளையத்தின் அளவுக்குச் சரியான ஒரு பைப் துண்டை வைத்துத் தட்டுங்கள். வெளி வளையத்தில் அடித்தால் அடி குண்டுகள் வழியாகப் போய், புதுப் பேரிங்கே மாட்டும்போதே பழசாகிவிடும். கேஸ் டார்ச் காட்டிச் சூடாக்காதீர்கள், சீலும் கிரீஸும் வெந்துவிடும்.

பழைய பேரிங்கை எடுத்ததும் அது உட்கார்ந்திருந்த குழியை விரலால் தடவிப் பாருங்கள். குழிச் சுவர் கண்ணாடி மாதிரி பளபளத்து, ஓரத்தில் செம்பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால், வெளி வளையம் குழிக்குள் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஹவுசிங் லூஸ். இதில் புதுப் பேரிங்கைப் போட்டாலும் ஆட்டம் போகாது. குழியைச் சுற்றிப் பஞ்ச்சால் புள்ளி குத்தி இறுக்கமாக்குவது பழைய தந்திரம், கொஞ்ச நாளில் புள்ளிகள் மழுங்கிவிடும். லேசான லூஸ் என்றால் பேரிங் ஒட்டுவதற்கென்றே இருக்கிற ரிடெய்னிங் பசை போதும். அதிகம் என்றால் லேத்தில் குழியைக் கடைந்து புஷ் அடித்து, பேரிங் அளவுக்கு உள்விட்டத்தைக் கடையச் சொல்லுங்கள். உங்கள் அப்பாவோடு வேலை செய்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் இது அவர்களுக்குச் சின்ன வேலை. அதே லேத்தில் ரோட்டார் ஷாஃப்டை வைத்து டயல் கேஜ் போட்டு நெளிவையும் பார்த்துவிடுங்கள்.

ஃபிளேஞ்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு இருக்க வேண்டும், இரண்டும் ஒரே விட்டம், கல்லின் விட்டத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. நடுவே குழிந்து, வெளி வளையம் மட்டும் கல்லைத் தொட வேண்டும். ஒன்று தொலைந்துபோய் அந்த இடத்தில் சாதாரண வாஷர் போட்டிருந்தால், ஆட்டத்துக்கு மட்டுமல்ல, கல் விரிவதற்கும் அதுவே காரணம். முகம் நேராக இல்லை என்றால் லேத்தில் ஒரு கட் எடுத்தால் போதும். கல்லுக்கும் ஃபிளேஞ்சுக்கும் நடுவே அட்டை வளையம் கட்டாயம். புதுக்கல்லிலேயே அது ஒட்டி வரும், பிய்த்துவிடாதீர்கள்.

கல் விஷயம். கடையில் வாங்கும்போதே தட்டிப் பார்த்து வாங்குங்கள், புதுக்கல்லும் லாரியில் வரும்போது விரியும். ஓட்டை வழியாக விரலையோ கம்பியையோ விட்டுக் கல்லைத் தொங்கவிட்டு, ஸ்குரூடிரைவரின் மரப்பிடியால், உச்சியிலிருந்து இடமும் வலமும் 45 டிகிரி தள்ளி, விளிம்பிலிருந்து ஓரிரண்டு இன்ச் உள்ளே தட்டுங்கள். பிறகு கல்லை 45 டிகிரி திருப்பி மறுபடியும். நல்ல கல் கணீரென்று சொல்லும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துவிழும். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போலத்தான். கல் உலர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சத்தம் ஏமாற்றும். உங்கள் பழைய கல் இந்தச் சோதனையில் தேறினாலும் மாட்டாதீர்கள். அதன் லேபிள் அழிந்திருக்கும், எத்தனை சுற்று தாங்கும் என்பதற்குச் சாட்சி இல்லை. புதுக்கல்லில் எழுதியிருக்கிற அதிகபட்ச ஆர்.பி.எம். உங்கள் நேம் பிளேட்டில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் இரண்டு போல் (காந்த முனை) மோட்டார் எதுவும் 3000-ஐத் தாண்டாது, அதனால் அதற்கு மேல் எழுதியிருக்கிற கல் சரி.

கல் ஷாஃப்டில் தானாக வழுக்கி ஏற வேண்டும். தட்டி ஏற்றினால் நடுவில் விரியும், தொளதொளவென்று இருந்தால் ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்து ஆடும். ஓட்டை பெரிதாக இருந்தால் சரியான அளவு புஷ் போடுங்கள், பேப்பரைச் சுற்றித் திணிக்க வேண்டாம். நட்டைக் கல் வழுக்காத அளவு மட்டும் இறுக்கினால் போதும், மீதியை மெஷினே இறுக்கிக்கொள்ளும். மூடியை மாட்டி, கல்லுக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று சுவிட்சைப் போட்டு, குறைந்தது ஒரு நிமிஷம் வெறுமனே ஓடவிடுங்கள்.

புதுக்கல்லும் கொஞ்சம் ஆடும், அது இயல்பு. கல்லின் முகத்தைச் சீவுகிற டிரெஸ்ஸரை ரெஸ்டில் ஊன்றி, லேசாகத் தொட்டுத் தொட்டு, குறுக்கே நகர்த்தி முகத்தை வட்டமாக்குங்கள். தூள் நிறையப் பறக்கும், கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். பவர் கண்ணாடியைப் பாதுகாப்புக் கண்ணாடி என்று நினைக்கக்கூடாது. டிரெஸ் செய்த பிறகும் ஆட்டம் மிச்சமிருந்தால், ஒரு பக்கக் கல்லை மட்டும் இளக்கி, ஷாஃப்டில் கால் சுற்று திருப்பி இறுக்கி ஓட்டிப் பாருங்கள். இரண்டு கல்லின் கனப் பக்கமும் எதிரெதிராக வருகிற இடம் ஒன்று கிடைக்கும், அங்கே மெஷின் அடங்கிவிடும்.

ரெஸ்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. மேலே இருக்கிற தீப்பொறித் தடுப்புத் தகடு 6 மில்லிமீட்டருக்குள். கல் தேயத் தேய இரண்டையும் நெருக்கிக்கொண்டே வர வேண்டும், மெஷினை நிறுத்திவிட்டுத்தான். பட்டறைகளில் ரெஸ்டையே கழற்றி வீசியிருப்பார்கள். உங்களுடையது தொலைந்திருந்தால் 6 மில்லிமீட்டர் பட்டையில் ஒன்று செய்து மாட்டுகிறவரை ஓட்டாதீர்கள். வேலைச் சாமான் அந்த இடைவெளியில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கழுத்தில் துண்டு, தொளதொள சட்டைக் கை, கையுறை மூன்றும் வேண்டாம்.

சுவிட்சையும் மாற்றிவிடுங்கள். பழைய டாகிள் சுவிட்சில், கரண்ட் போன நேரத்தில் ஆஃப் பண்ண மறந்துவிட்டால், கரண்ட் திரும்ப வரும்போது யாரும் இல்லாமலே மெஷின் கிளம்பிவிடும். கரண்ட் போனால் தானாக விழுந்து, பச்சைப் பட்டனை மறுபடி அழுத்தினால்தான் கிளம்புகிற ஸ்டார்ட்டர் போடுங்கள். பட்டறை லைனில் கரண்ட் கசிந்தால் லைனை வெட்டிவிடுகிற 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. இல்லை என்றால் அதையும் இந்தச் சாக்கில் போட்டுவிடுங்கள்.

பெயின்ட் கடைசி வேலை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். ரெட் ஆக்ஸைடு ஒரு கோட், மேலே உங்களுக்குப் பிடித்த நிறம். நேம் பிளேட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். அதில் இருக்கிற எச்.பி., ஆம்பியர், ஆர்.பி.எம். எண்கள்தான் இந்த மெஷினின் ஜாதகம். வைண்டிங் இருக்கிற உள்பக்கத்தில் மண்ணெண்ணெய் படவே கூடாது.

எந்தக் கல் என்று கேட்டீர்கள். டிரில் பிட், உளி, அரிவாள் தீட்டத்தான் என்றால் ஒரு பக்கம் 36 கிரிட் (எண் கூடக் கூட கல் நைசு), மறுபக்கம் 60 அல்லது 80 கிரிட் சாம்பல் நிற அலுமினியம் ஆக்ஸைடு கல் போதும். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் அதிகம் என்றால் நைசான பக்கத்துக்கு வெள்ளைக் கல் வைக்கலாம். சென்னை திருவொற்றியூரில் ஆலை வைத்திருக்கிற கார்பரண்டம் யுனிவர்சல் 1954-லேயே தொடங்கிய கம்பெனி. அந்தக் கல்லும் நார்ட்டன் கல்லும் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். பெயர் இல்லாத கல்லைப் பாதி விலைக்கு வாங்காதீர்கள். அலுமினியம், பித்தளை இரண்டையும் இந்தக் கல்லில் தொடக்கூடாது. உலோகம் துளைகளில் அடைத்துக்கொண்டு கல் வெட்டாமல் வெறுமனே சூடாகும். உளியும் அரிவாளும் நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும், அதனால் அடிக்கடி தண்ணீரில் தோயுங்கள். லேத் கார்பைடு டூலுக்கு மட்டும் பச்சைக் கல் வேண்டும், அதைச் சூட்டோடு தண்ணீரில் போட்டால் நுனி விரியும், தானாக ஆறவிடுங்கள்.